மூன்றாம் வருகை

அனுப்புநர்:
ஆய்வக உதவியாளர், மகளிர் மேல்நிலைப் பள்ளி;
பாகம் எண் 87-இன் வாக்குச்சாவடி நிலை அலுவலர்;
ஜூன் மாதம் வரை அதே பாகத்தில் வரிசை எண் 640.
(பெயரும் வீட்டு முகவரியும் இணைப்பு 1-இல் உள்ளன. பட்டியலில் இல்லாத பெயரை முதல் பக்கத்தில் எழுதக் கை வரவில்லை.)

பெறுநர்:
வாக்காளர் பதிவு அலுவலர் அவர்கள்,
நகராட்சிக் கட்டடம், முதல் மாடி.

பொருள்: வரைவு வாக்காளர் பட்டியல் – பாகம் 87 – நேரில் வராமலே "மூன்று முறை வந்தும் ஆள் இல்லை" என்று எழுதி என் வீட்டார் மூவரின் பெயர்களை நீக்கியது – பெயர்களை மீண்டும் சேர்க்கவும், பொய்க் குறிப்பு எழுதிய அலுவலர் மீது நடவடிக்கை எடுக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. ஜூலை 1 அன்று ஒட்டப்பட்ட வரைவுப் பட்டியல்.
2. நிலை அலுவலர் கையேடு, பக்கம் 14, மூன்று வருகை விதி.
3. எனது மருத்துவச் சான்று, ஜூன் 8.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

1. பள்ளி வேலையோடு சேர்த்துப் பதினோரு ஆண்டுகளாக நிலை அலுவலராகவும் இருந்து வருகிறேன். என் பாகத்தில் 1,148 பெயர்கள். எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் நாய் குரைக்க மட்டும் செய்யும் என்பது வரை எனக்குத் தெரியும். இதுநாள் வரை என் மேல் ஒரு புகார் வந்ததில்லை. ஆய்வகத்தில் பெயர்ச்சீட்டு ஒட்டாத புட்டியை நான் யாரையும் தொட விடமாட்டேன். பட்டியல் வேலையிலும் அதே கறார்தான். அதற்காகச் சக அலுவலர்கள் என்னை "சட்டப் புத்தகம்" என்று அழைப்பதும் தெரியும்.

2. எந்த அலுவலரும் தன் சொந்த வீட்டுப் படிவத்தைத் தானே சரிபார்த்துக் கையொப்பமிடக் கூடாது. பக்கத்துப் பாகத்தின் அலுவலர் வந்து பார்த்துத்தான் கையொப்பமிட வேண்டும் என்பது விதி. பயிற்சி வகுப்பில் இதைப் படித்தபோது பின்வரிசையில் சிரித்தார்கள். பெரும்பாலோர் முதல் நாள் காப்பி குடிக்கும்போதே சொந்த வீட்டுப் படிவத்தை முடித்துவிடுவது வழக்கம். நான் அப்படிச் செய்யவில்லை. எங்கள் வீட்டுப் படிவத்தைக் கையொப்பமிடாமல் உறையில் போட்டு மேற்பார்வையாளரிடம் கொடுத்தேன். அவர் அதைப் பாகம் 88-இன் அலுவலரிடம் ஒப்படைத்தார். விதியைக் கடைப்பிடித்ததைத் தவிர இந்த விவகாரத்தில் நான் செய்த தவறு வேறொன்றும் இல்லை.

3. பாகம் 88-இன் அலுவலர் குடிநீர்ப் பிரிவில் மீட்டர் கணக்கெடுப்பவர். அவரை எல்லாரும் மின்னல் என்பார்கள். முப்பது நாள் வேலையை இரண்டு நாளில் முடித்துவிடுகிறார் என்பதே காரணம். அதைப் பாராட்டாகவே இதுவரை நினைத்திருந்தோம்.

4. ஜூலை 4 அன்று தங்கள் அலுவலகத்தில் பெற்ற நகலின்படி, அவர் எங்கள் வீட்டுக்கு ஜூன் 3, 9, 14 ஆகிய மூன்று நாட்களும் வந்ததாகக் குறித்திருக்கிறார். மூன்று நாளும் சரியாகப் பத்தரை மணி. மூன்று நாளும் ஒரே வாசகம்: "கதவு பூட்டியிருந்தது. ஆள் இல்லை. வீடு மாறியிருக்கலாம்." ஜூன் 3 பற்றி எனக்கு வழக்கில்லை, அன்று பள்ளியில் இருந்தேன். ஆனால் ஜூன் 8, ஞாயிறன்று, இதே பட்டியல் வேலையாகப் போன இடத்தில் ஈரப் படியில் வழுக்கி விழுந்து வலது கணுக்கால் பிசகிவிட்டது. 8 முதல் 14 வரை காலை ஊன்றக் கூடாது, படி ஏறவே கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். மறுநாள் முதல் ஆறு நாளும் பகல் முழுவதும் எங்கள் வீட்டு வாசலில், கதவை அகலத் திறந்து வைத்து, முக்காலி மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே புழுக்கம் என்பது ஒரு காரணம். மின்னல் வருவார் என்பது இன்னொரு காரணம். தபால்காரர் வந்தார். எரிவாயு உருளை வந்தது. துடைப்பம் விற்பவர் இரண்டு முறை வந்து "கால் எப்படிம்மா இருக்கு?" என்று விசாரித்துவிட்டுப் போனார். துடைப்பம் விற்பவர் கண்ணுக்குத் தெரிந்த நான் அலுவலர் கண்ணுக்குத் தெரியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அது இதுதான்.

5. ஜூலை 1 அன்று வரைவுப் பட்டியல் எங்கள் பள்ளிச் சுவரிலேயே ஒட்டப்பட்டது. பசை தடவிக் கொடுத்தவள் நான். மகளும் உடன் இருந்தாள். சென்ற ஆண்டுதான் அவளுக்குப் பதினெட்டு முடிந்து பெயர் சேர்ந்தது. இன்னும் ஒரு முறைகூட வாக்களித்ததில்லை. அச்சகத்தில் வேலை பார்க்கும் என் கணவர் 639, நான் 640, மகள் 641. அவள் விரலை வைத்துக்கொண்டே வந்தாள். 638-க்கு அடுத்து 642 இருந்தது. மேலே போய் மறுபடி கீழே வந்து பார்த்தாள். "ஊருக்கெல்லாம் பேர் சேத்துட்டு நம்ம வீட்ட விட்டுட்டியேம்மா" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பத்துப் பேர் நின்ற இடம் அது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

6. அன்று முதல் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மேற்பார்வையாளரிடம் ஒன்பது முறை தொலைபேசியில் பேசினேன். தங்கள் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் கோப்பு மேலே போயிருக்கிறது என்றார்கள். மேலே இருப்பது ஒரே ஒரு மாடி. அங்கே ஏறிக் கேட்டால் கீழே அனுப்பியாகிவிட்டது என்றார்கள். ஒரே நாளில் நான்கு முறை ஏறி இறங்கினேன்; ஆறிவந்த கணுக்கால் மறுபடி வீங்கியது. மின்னல் அவர்களிடம் பேசியபோது, "வந்தேன் மேடம், நீங்கதான் கவனிக்கல. நமக்குள்ள என்ன இருக்கு, புதுசா ஒரு படிவம் போட்டா முடிஞ்சுது" என்றார். நாற்பத்தாறு வயதில், ஏழு தேர்தல்களில் ஊரார் விரலில் மை வைத்தவள், புதிய வாக்காளராக விண்ணப்பிக்க வேண்டுமாம். ஆட்சேபங்களுக்கான கெடு ஜூலை 14. நகரமன்றத் தேர்தல் செப்டம்பரில். பெயர் இப்போது வராவிட்டால் எங்கள் வீட்டில் மூன்று வாக்குகள் போனது போனதுதான்.

7. ஆகவே வேண்டுவது: வீட்டுக்கு வராமல் வீட்டைப் பற்றி எழுதியவர் இந்தப் பணிக்குத் தகுதியற்றவர். பொய்க் குறிப்பு எழுதும் அலுவலருக்குச் சட்டத்தில் தண்டனை உண்டு என்று பயிற்சியில் கரும்பலகையில் எழுதிப் போட்டீர்கள். தெரியாமல் செய்தார் என்று இரக்கம் காட்ட வேண்டாம். பக்கம் 14-ஐ எல்லாரும் சேர்ந்து உரக்கப் படித்தோம், அவரும் படித்தார். அவர் மீது முழு நடவடிக்கை எடுக்க வேண்டும். சரியான வருகைக் குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று தாங்கள் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக, என் சொந்த வருகைப் பதிவேட்டின் நகலையும் இணைத்துள்ளேன்.

(இதுவரை தட்டச்சு. இனி வருவது கையெழுத்து. பொறுத்தருளவும்.)

8. ஐயா, மேலே உள்ள ஏழு பத்திகளும் ஜூலை 8 காலையில் கடைத்தெருவில் ஒரு கடையில் தட்டச்சு செய்யப்பட்டவை. அவற்றில் ஓர் எழுத்தையும் நான் மாற்றவில்லை. மாற்றியிருந்தால் தாங்கள் படிப்பது வேறொருத்தியின் மனுவாக இருக்கும். தட்டச்சு முடிந்ததும் அதே கடையில் இணைப்புகளை நகலெடுக்கக் கொடுத்தேன். கடைக்கார அம்மா, "தேதி வரிசையா அடுக்கவா, இல்ல நீங்க குடுத்தபடியேவா?" என்று கேட்டார். தேதி வரிசையில் அடுக்கச் சொன்னேன். எதிலும் வரிசை வேண்டும் எனக்கு.

9. அவர் அடுக்கினார். ஜூன் 8 முதல் 14 வரை படி ஏறக் கூடாது என்கிற மருத்துவச் சான்று. அதற்கு அடுத்த தாளாக என் பதிவேட்டின் ஜூன் 11-ஆம் நாள் பக்கம். அதில் என் கையெழுத்தில்: "பேருந்துப் பணிமனைக்குப் பின்புற அடுக்கு வீடுகள், மூன்றாம் நான்காம் மாடி, ஆறு கதவுகள், பதினோரு பெயர்கள். மூன்றாம் வருகை, மாலை 6.15. பூட்டியிருந்தது. ஆள் இல்லை." ஓர் ஊக்கு இரண்டு தாளையும் சேர்த்துப் பிடித்திருந்தது. தாள்கட்டைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். கடைத்தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தேன். மிச்சக் காசை வாங்காமல் வந்தது நினைவுக்கு வந்து திரும்பிப் போனேன். வாங்காமலே மறுபடி வந்தேன்.

10. ஜூன் 11 அன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆறு கதவுகளுக்கும் மே 30-இலும் ஜூன் 5-இலும் நேரில் போனேன், அது உண்மை. இரண்டும் பகல் பதினோரு மணி வாக்கில். பூட்டியிருந்தன. மூன்றில் ஒரு வருகையாவது மாலையிலோ விடுமுறை நாளிலோ இருக்க வேண்டும் என்பது விதி. அதற்காகத்தான் ஜூன் 8, ஞாயிறன்று புறப்பட்டேன். வழியில் வேறொரு வீட்டின் படியில்தான் விழுந்தேன். 11-ஆம் நாள் பிற்பகல் மேற்பார்வையாளர் பேசினார்: "உங்க பாகம் மட்டும் தொண்ணூத்தொன்பதுல நிக்குது மேடம். மத்தவங்கல்லாம் நூறு. நாலு மணிக்குள்ள முடிச்சு எண்ணிக்கையச் சொல்லிடுங்க." கால் முக்காலி மேல் இருந்தது. பதிவேடு மடியில் இருந்தது. இரண்டு முறை பூட்டியிருந்த வீடு மூன்றாம் முறை மட்டும் திறந்தா இருக்கும், காலி செய்துகொண்டு போயிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாலை 6.15 என்ற நேரத்தைப் பிற்பகல் மூன்றரை மணிக்கு எழுதினேன். எழுதி முடித்துவிட்டு, மின்னல் இன்னும் வரவில்லையே என்று தெருவையும் பார்த்தேன். இந்தக் கடைசி வாக்கியத்தை எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

11. மேற்பார்வையாளரிடம் நேரில் சொன்னேன். கெட்ட மனிதர் அல்ல, பதறிப்போனார். "அந்த மருத்துவச் சான்ற வெளிய எடுக்காதீங்க மேடம். அது இருந்தாத்தான வம்பு? மின்னல் மேல புகாரும் வேணாம். உங்க வீட்டு மூணு பேரையும் நானே சேத்துடுறேன்" என்றார். ஐயா, அந்தச் சான்று ஒன்றுதான் என் வீட்டார் அங்கே இருந்ததற்கு என் கையில் உள்ள ஆதாரம். அதை நீட்டினால் மின்னல் மாட்டுவார். கூடவே நானும் மாட்டுவேன். உள்ளே வைத்தால் இருவரும் தப்புவோம்; என் மகளும் செப்டம்பரில் வாக்களிப்பாள். பதினோரு பேர் மட்டும் இருக்கமாட்டார்கள். வீட்டில் சொன்னபோது கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே, "மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடமா?" என்றார். சான்றை இணைத்துள்ளேன். ஜூன் 11-ஆம் நாள் பக்கத்தையும் இணைத்துள்ளேன். ஊக்கைக் கழற்றவில்லை.

12. ஜூலை 9, 10 இரு நாளும் மாலை ஏழு மணிக்கு மேல் அந்த அடுக்கு வீடுகளுக்குப் போனேன். ஒரு மாடிக்குப் பதினெட்டுப் படி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். விவரம்:
இரண்டு கதவுகள்: உண்மையிலேயே காலி. நான்கு பெயர்கள்.
ஒரு கதவு: அங்கிருந்த முதியவர் மார்ச் மாதத்தில் காலமாகிவிட்டார். ஒரு பெயர்.
மூன்று கதவுகள்: ஆறு பேர். உயிரோடு, அதே வீட்டில், அதே பூட்டோடு.
பதினொன்றில் ஐந்து சரியாகத்தானே போயிற்று என்று மனம் கணக்குப் போட்டது. அதுவும் நான் போய்ப் பார்த்ததால் தெரிந்ததில்லை. குருட்டாம்போக்கில் எழுதியது பலித்தது, அவ்வளவுதான். மூன்றாம் மாடியில் லாரி ஓட்டுநர், தையல் ஆலைக்குப் போகும் அவர் மனைவி, அவருடைய தம்பி. மூவரும் காலை ஏழு மணிக்குக் கதவைப் பூட்டினால் இரவு ஏழு மணிக்குத்தான் திறப்பார்கள். ஓட்டுநர், "எடுத்துட்டீங்களா? யாரக் கேட்டு எடுத்தீங்க?" என்று எழுந்து நின்றார். அவர் மனைவிதான் உட்கார வைத்தார். நான்காம் மாடியில் மருத்துவமனை உதவியாளர்களாக இருக்கும் அக்கா, தங்கை. தங்கை எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் குடிக்க வெட்கமாக இருந்தது. இந்த ஐவரும் படிவத்தில் கையொப்பமிட்டுக் கொடுத்தார்கள்.

13. ஆறாமவர் அதே நான்காம் மாடியில் தனியாக இருக்கும் அம்மையார். துணிக்கடை வாசலில் நின்று பைகளைச் சோதிக்கும் காவலர். காலை எட்டு முதல் இரவு எட்டு வரை வேலை, வாரத்தில் ஆறு நாள். சீருடையைக்கூட மாற்றாமல் நின்றபடியே நான் சொன்னதைக் கேட்டார். அவர் பேசியதை அப்படியே எழுதுவது என் கடமை: "என் கதவு பூட்டியிருந்துச்சுன்னு எழுதினீங்கல்ல, பூட்டு என்ன நிறம் சொல்லுங்க பாப்போம்." என் கண் கதவில் பூட்டைத் தேடியது. "எழுபத்திரண்டு படி. தினம் ரெண்டு வேள நான் ஏறி எறங்குறேன். உங்களுக்கு ஒரு தடவ முடியல. ஒரு நாள் வாசல்ல நிக்காம நின்னேன்னு நான் எழுதுனா, மறுநாள் எனக்கு அங்க வேல இருக்காது." கால் பிசகிய கதையைத் தொடங்கினேன். "கால் சரியில்லன்னா சரியில்லன்னு எழுதணும். ஆள் இல்லன்னு ஏன் எழுதுனீங்க?" என்றார். படிவத்தை நீட்டினேன். வாங்கவில்லை. "உங்க கையால வேணாம். வேற யாராவது வரட்டும், அப்ப போடுறேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டார். மின்னலைப் பற்றி 7-ஆம் பத்தியில் நான் எழுதிய எதையும் இந்த அம்மையார் சொல்லவில்லை. ஆனால் அத்தனையும் எனக்குப் பொருந்தும் என்பதை அந்த வாசலில் நின்றுதான் புரிந்துகொண்டேன்.

14. எனவே 7-ஆம் பத்தியின் வேண்டுகோளைத் திரும்பப் பெறாமல், கீழ்க்கண்டவாறு விரித்து வேண்டுகிறேன்:

(அ) பாகம் 88-இன் அலுவலருக்குத் தாங்கள் எந்த அளவுகோலை எடுக்கிறீர்களோ அதே அளவுகோலை எனக்கும் எடுக்க வேண்டும். அவரால் போனது மூன்று பெயர். என்னால் போனது ஆறு. விசாரணைக்கு எந்த நாளிலும் வருவேன். என்னை "சட்டப் புத்தகம்" என்று யாராவது சொன்னால் அதைச் சாட்சியமாகக் கொள்ள வேண்டாம்.

(ஆ) என் கணவரும் மகளும் எந்தப் பிழையும் செய்யாதவர்கள். அவர்கள் பெயர்களை 639, 641 எனப் பழைய இடத்திலேயே சேர்க்க வேண்டும். 640 பற்றி விசாரணை முடிந்தபின் தாங்கள் முடிவு செய்யலாம்.

(இ) எல்லா அலுவலர்களின் மூன்றாம் வருகைப் பக்கங்களையும் ஒரு முறை தாங்களே எடுத்துப் பார்க்க வேண்டும். "நாலு மணிக்குள் நூறு" என்ற தொலைபேசி அழைப்பு எங்கள் இருவருக்கு மட்டும் வந்ததல்ல. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. பேனா என் கையில்தான் இருந்தது.

(ஈ) ஓட்டுநர் வீட்டார் மூவர், மருத்துவமனை உதவியாளர்கள் இருவர் ஆகியோரின் படிவங்கள் இத்துடன் உள்ளன. நான் கொண்டுவந்தவை என்பதற்காக அவற்றைத் தள்ளிவிட வேண்டாம். வேறு அலுவலரைக் கொண்டு, மாலை ஏழு மணிக்கு மேல், சரிபார்த்துக்கொள்ளலாம்.

(உ) காவலர் அம்மையாரின் படிவம் இத்துடன் இல்லை. வரும் ஞாயிறு, ஜூலை 13, அவருக்கு வார விடுமுறை. மறுநாள் கெடு முடிகிறது. அந்த ஒரு நாளைத் தவறவிட்டால் அவர் பெயர் போய்விடும், அதைப் போக்கியவள் நானாக இருப்பேன். அன்று ஓர் அலுவலரை அவரிடம் அனுப்பும்படி கைகூப்பி வேண்டுகிறேன். யாராக இருந்தாலும் கால் நன்றாக உள்ளவராக இருக்கட்டும், லிஃப்ட் இல்லை. நான்காம் மாடி, இடப்பக்கம், கடைசிக் கதவு. அழைப்பு மணி வேலை செய்யாது, கையால்தான் தட்ட வேண்டும். ஆறு நாள் நின்ற கால் என்பதால் எழுந்து வரச் சற்று நேரம் ஆகலாம். முதல் தட்டலுக்குத் திறக்கவில்லை என்று திரும்பிவிட வேண்டாம் என்று அவரிடம் சொல்லி அனுப்புங்கள், ஐயா. உள்ளே ஆள் இருக்கிறார்.

இடம்: இணைப்பு 1-இல் கண்ட வீடு
நாள்: ஜூலை 11, வெள்ளி

இப்படிக்கு,
(கையொப்பம்)
1 முதல் 7 வரையிலான பத்திகளின் மனுதாரர்,
8 முதல் 14 வரையிலான பத்திகளின் எதிர்மனுதாரர்.